கொல்லையில் ஒரு வெள்ளரிக் கொடி



பங்குனி பிறந்துவிட்டால் பஸ் நிற்கிற இடமெல்லாம் வெள்ளரிப் பிஞ்சு வந்துவிடும். ஜன்னலோரம் கூடையை நீட்டுகிறார்கள். நாமும் வாங்கிக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தின்கிறோம். தாகம் அடங்குகிறது. அதற்கு மேல் அந்தக் காயைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை.

யோசிக்கிறவர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். "அதுல என்னங்க இருக்கு, வெறும் தண்ணிதானே!" என்று ஒரு கட்சி. "தினம் ஒரு வெள்ளரி தின்னா இரத்தம் ஊறும், கல்லு கரையும், எந்த நோயும் அண்டாது" என்று இன்னொரு கட்சி. கிராமக் கூட்டங்களில் இரண்டையும் ஒரே நாளில் கேட்கலாம். முதல் கட்சி சொல்வதில் முக்கால் பங்கு உண்மை. இரண்டாவது கட்சி சொல்வதை நம்பி ஒரு கர்ப்பிணிப் பெண் இரும்புச்சத்து மாத்திரையைப் பரணில் போட்டுவிட்டால், அது உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும். ஆகவே இந்தக் காய் நமக்கு எதைத் தரும், எதைத் தராது என்பதையும், வீட்டுக் கொல்லையிலேயே அதை வளர்க்கும் முறையையும் பார்ப்போம்.

நம் நாட்டில் பிறந்த காய்

தக்காளியும் மிளகாயும் கடல் கடந்து வந்தவை. வெள்ளரி அப்படியல்ல, அதன் தாயகம் இந்தியாதான். இமயமலை அடிவாரத்தில் இன்றும் காட்டு வெள்ளரி தானாக முளைத்துக் கிடக்கிறது. காய் சிறியது, வாயில் வைக்க முடியாத கைப்பு. ஆடு மாடு கடிக்காமல் தன்னைக் காத்துக் கொள்ளச் செடி வைத்திருக்கும் விஷம்தான் அந்தக் கைப்பு. நம் முன்னோர்கள் கைப்புக் குறைந்த கொடியாகப் பார்த்துப் பார்த்து விதை எடுத்து வைத்தார்கள். அப்படித் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியதில்தான் இன்றைக்கு நாம் தின்கிற காய் உண்டானது. மூவாயிரம் ஆண்டுகளாக இங்கே பயிராகி வருகிறது என்பது தாவர அறிஞர்களின் கணிப்பு.

இங்கிருந்து அது கிழக்கே சீனாவுக்கும் மேற்கே பாரசீகத்துக்கும் போனது. ஐரோப்பாவுக்கு எப்போது போனது என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. ரோமாபுரியை கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியஸ் சக்கரவர்த்திக்கு ஒருவகைக் காய் தினமும் இலையில் இருந்தாக வேண்டுமாம். அதற்காகச் சக்கரம் வைத்த பாத்திகளில் கொடியை வளர்த்து, வெயில் பக்கமாக உருட்டிக் கொண்டு போவார்களாம். இதை பிளினி என்ற ரோமானிய ஆசிரியர் எழுதி வைத்திருக்கிறார். எகிப்தை விட்டு வெளியேறிய இஸ்ரவேலர் வனாந்தரத்தில் நினைத்து ஏங்கிய உணவுகளிலும் இந்தக் காய் உண்டு. இரண்டையும் வெள்ளரி என்றே நெடுங்காலம் மொழிபெயர்த்து வந்தார்கள். பழைய படங்களையும் நூல்களையும் ஒப்பிட்டுப் பார்த்த இக்கால ஆராய்ச்சியாளர்கள், அது வெள்ளரியே இல்லை, முலாம்பழ இனத்தைச் சேர்ந்த நீளமான ஒரு காய் என்கிறார்கள். உண்மையான வெள்ளரி ஐரோப்பாவை அடைந்தது அதற்குப் பல நூற்றாண்டுகளுக்குப் பிறகுதான்.

அவர்களைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது. நம் சந்தையிலும் இதே குழப்பம் இருக்கிறது. கோடையில் வெடித்துப் பிளந்து, மாவு மாவாக, சர்க்கரை தூவித் தின்கிறோமே வெள்ளரிப்பழம், அது பெயரில் மட்டும்தான் வெள்ளரி. இனத்தில் அதுவும் முலாம்பழத்தின் உறவு. வெள்ளரிக்கு 7 ஜோடி குரோமோசோம்கள், முலாம்பழத்துக்கு 12 ஜோடி. அதனால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நட்டாலும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. இந்தச் செய்தி விதை எடுக்கும்போது உங்களுக்குப் பயன்படும்.

1494ஆம் ஆண்டில் கொலம்பஸின் ஆட்கள் வெள்ளரி விதையை அமெரிக்கத் தீவுகளில் ஊன்றினார்கள். இன்று அது பயிராகாத நாடு அபூர்வம். 1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் ஆரம்பித்து, பிறகு தமிழ்நாட்டிலும் ஆந்திராவிலும் விரல் நீளத்து ஊறுகாய் வெள்ளரியைப் பயிரிட்டு வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்து வருகிறோம். சீசாவில் அடைத்துக் கப்பலேறிப் போகிறது. நம் வீட்டு இலைக்குத்தான் அது வருவதில்லை.

சத்துக் கணக்கு

இப்போது கணக்கைப் பார்ப்போம். 100 கிராம் வெள்ளரிக்காயில் சுமார் 95 கிராம் தண்ணீர். மீதி இருக்கிற 5 கிராமில்தான் மற்றதெல்லாம். அது கொடுக்கும் சக்தி 15 கலோரி. அதே எடை அரிசியில் சுமார் 350 கலோரி இருக்கிறது. புரதம் ஒரு கிராமுக்கும் குறைவு. சுண்ணாம்புச் சத்து 16 மில்லிகிராம். வைட்டமின் சி 3 மில்லிகிராம். பொட்டாசியம் 150 மில்லிகிராமை ஒட்டி. தோலில் கொஞ்சம் நார்ச்சத்தும் வைட்டமின் கே சத்தும் உண்டு. ஆகவே பிஞ்சாக இருந்தால் நன்றாகக் கழுவித் தோலோடு தின்பதே நல்லது.

இரும்புச் சத்து எவ்வளவு? 0.3 மில்லிகிராம். இந்த எண்ணைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 27 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்று 2020இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிர்ணயித்தது. அதை வெள்ளரியிலிருந்து மட்டும் எடுப்பதென்றால் அவள் தினம் 9 கிலோ வெள்ளரி தின்ன வேண்டும். யானைக்குத்தான் அது சாத்தியம். இரத்தம் ஊறுவதற்கு வெள்ளரி மருந்தல்ல என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இரத்தசோகை நம் வீடுகளில் சாதாரணமாகிவிட்டது. 2019-21இல் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில், நாட்டில் உள்ள கர்ப்பிணிகளில் 100க்கு 52 பேருக்கு இரத்தசோகை இருந்தது. தமிழ்நாட்டில் 48 பேருக்கு. ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவர். கர்ப்ப காலத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இறங்கினாலே இரத்தசோகைதான். பிரசவத்தின்போது இரத்தப்போக்கு எல்லோருக்கும் உண்டு. நல்ல இரத்தம் உள்ளவள் அதைத் தாங்கிக் கொள்வாள். 7 கிராமோடு பிரசவத்துக்கு வருகிறவளுக்கு அதே இரத்தப்போக்கு உயிரைக் கொண்டு போகலாம். "அவளுக்கு எப்பவுமே கொஞ்சம் அசதிதான்" என்று சொல்லி விட்டுவிடுகிற வீடுகள்தான் அதிகம். அசதியும் மூச்சு வாங்குவதும் முகம் வெளுப்பதும் பெண்ணின் சுபாவமல்ல. நோயின் அடையாளம்.

அப்படியானால் வெள்ளரி எதற்கு? மூன்று காரியத்துக்கு. முதலாவது, கோடையில் உடம்புக்கு நீர் சேர்க்க. தண்ணீர் குடிக்க மனமில்லாதவர்களும், மசக்கையில் எதைக் கண்டாலும் குமட்டுகிறவர்களும் இதைக் கடித்துத் தின்றுவிடுவார்கள். இரண்டாவது, சர்க்கரை நோயாளிகளுக்கும் உடல் பருத்தவர்களுக்கும் பசி நேரத்தில் பயமின்றித் தின்ன. வடை, பஜ்ஜிக்குப் பதில் ஒரு வெள்ளரி என்றால் அது லாபம்தான். மூன்றாவதுதான் என் கணக்கில் முக்கியமானது. சத்துள்ள மற்றப் பொருள்களை வாய்க்கு ருசியாக உள்ளே தள்ள அது ஒரு நல்ல வாகனம்.

உதாரணமாக, ஒரு கைப்பிடி பாசிப்பயறை இரவில் ஊற வைத்து, மறுநாள் ஈரத்துணியில் கட்டி முளைக்க விடுங்கள். முளைத்ததை ஆவியில் சற்று வேக வையுங்கள். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் பச்சை முளைப்பயறு தின்பது நல்லதல்ல. அதில் கிருமி வளரும். வெந்த பயறோடு பொடியாக நறுக்கிய ஒரு வெள்ளரிக்காய், கொஞ்சம் தேங்காய்த் துருவல், கொத்தமல்லித் தழை சேர்த்து, அரை மூடி எலுமிச்சம்பழம் பிழியுங்கள். பயறில் புரதமும் இரும்பும் இருக்கிறது. எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி, அந்த இரும்பை உடம்பில் சேர்க்கிறது. வெள்ளரி அதைத் தின்ன வைக்கிறது. இதைத் தின்ற கையோடு டீ குடிக்காதீர்கள். டீ இரும்பைப் பிடித்து வைத்துக் கொள்ளும். ஒரு மணி நேரம் போகட்டும்.

தயிரில் போடும் வெள்ளரிப் பச்சடியும், பாசிப்பருப்புப் போட்ட வெள்ளரிக் கூட்டும் இதே கணக்கில்தான் வருகின்றன. முருங்கைக் கீரைப் பொரியல் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது. மாத்திரையும் விடக்கூடாது. நான்காம் மாதம் முதல் தினம் ஒன்று வீதம் 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள் என்று இரும்புச்சத்து மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் இலவசமாகவே கொடுக்கிறார்கள். மலம் கறுப்பாகப் போனால் பயப்படாதீர்கள், அது மாத்திரையின் நிறம். வயிற்றைப் புரட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பின் போட்டுப் பாருங்கள். அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் செவிலியரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ஒரு வார்த்தை கணவன்மாருக்கு. வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதைத்தான் மனைவி சாப்பிடுகிறாள் என்றால், மேலே சொன்ன சத்துக் கணக்கெல்லாம் ஏட்டில்தான் நிற்கும். பயறும் கீரையும் முதல் பந்தியிலேயே தீர்ந்து, அவளுக்குச் சோறும் ரசமும் மட்டும் மிஞ்சுகிறது. கூட உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள். "நீ சாப்ட்டியா?" என்று கேட்பது நல்ல பழக்கம்தான். "என்ன சாப்ட்டே?" என்றும் கேளுங்கள்.

சில பேச்சுகள், சில சந்தேகங்கள்

"மாசமா இருக்கிறவ வெள்ளரி தின்னா வயித்துப் புள்ளைக்குச் சளி பிடிக்கும்" என்பார்கள் பெரியவர்கள். தாய் தின்ற காயின் குளிர்ச்சி வயிற்றுப் பிள்ளைக்குப் போவதில்லை. சளி கிருமியால் வருவது. பிரசவித்த தாய்க்கு, "பச்சை உடம்பு, குளிர்ச்சி ஆகாது" என்று காய்கறியையே நிறுத்திவிடுவதும் இப்படித்தான். மாமியார் மனம் நோக வேண்டாம் என்றால் பச்சையாகத் தராமல் கூட்டாகச் செய்து கொடுங்கள். அது வெந்த காய் என்பதால் அவர்களும் மறுக்க மாட்டார்கள். பால் கொடுக்கிறவளுக்குத் தண்ணீரும் காயும் கீரையும் முன்னைவிட அதிகமாகவே வேண்டும்.

"நீர்க்கடுப்புக்கு வெள்ளரி விதை அரைச்சுக் குடிச்சா போதும்" என்ற பேச்சும் உண்டு. வெயிலில் வேலை செய்து, தண்ணீர் குடிக்காமல் வந்த எரிச்சல் என்றால், வெள்ளரியோ மோரோ தண்ணீரோ எது உள்ளே போனாலும் தணியும். கர்ப்பிணிக்கு எரிச்சல் என்றால் கதையே வேறு. சிறுநீர்ப் பாதையில் கிருமி இருக்கலாம். அது சிறுநீரகத்துக்கு ஏறினால் குளிர் காய்ச்சல் வரும், குறைமாதப் பிரசவமும் ஆகலாம். சில பெண்கள் இதைக் கூச்சத்தால் கணவனிடம்கூடச் சொல்வதில்லை. சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், அடிக்கடி முட்டுதல், அடிவயிற்று வலி எதுவானாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சிறுநீரைப் பரிசோதித்துக் கொள்ளுங்கள். கர்ப்ப காலத்தில் கொடுக்கத் தகுந்த மருந்து இருக்கிறது. விதையை அரைத்துக் கொண்டு ஒரு வாரம் கழிக்க வேண்டாம்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் வெள்ளரிச் சாறோ இளநீரோ போதாது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டுங்கள். கூடவே தாய்ப்பாலையும் சாப்பாட்டையும் நிறுத்தாதீர்கள். சிறு குழந்தைக்கு வெள்ளரியை வட்டமாக நறுக்கிக் கையில் கொடுப்பதும் ஆபத்து. தொண்டையில் அடைத்துக் கொள்ளும். துருவிக் கொடுங்கள், அல்லது வேக வைத்து மசித்துக் கொடுங்கள்.

உப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பஸ் நிறுத்தத்து வெள்ளரியில் காயைவிட உப்புதான் அதிகம். ஒரு நாளைக்கு மொத்தமாகவே ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்புத் தடவாமலே தின்னப் பழகட்டும். எலுமிச்சையும் மிளகுத்தூளும் தூவினால் உப்பு இல்லாத குறை தெரியாது.

கைத்தால் துப்புங்கள்

காட்டு வெள்ளரியின் கைப்பை முன்பு சொன்னேன். அந்தக் குணம் இன்னும் முழுசாகப் போய்விடவில்லை. தண்ணீர் பற்றாமல் கொடி வாடினாலும், கடும் வெயில் அடித்தாலும் காயில் அது திரும்ப வரும். காம்புப் பக்கமும் தோலுக்கு அடியிலும் அதிகம் இருக்கும். காம்புப் பக்கம் இரண்டு விரற்கடை வெட்டி எறிந்து, தோலையும் சீவிவிட்டால் லேசான கைப்பு போய்விடும். வெட்டிய நுனியைக் காய் மேல் வைத்துத் தேய்த்து நுரை வரவழைக்கிறோமே, அதில் பாதகமில்லை. ஆனால் வெட்டி எறிந்ததில் போன கைப்புதான் போனது.

நன்றாகக் கைத்தால் மனசைக் கல்லாக்கிக் கொண்டு குப்பையில் போடுங்கள். "காசு போட்டு வாங்கினது" என்று உப்புப் போட்டு விழுங்க வேண்டாம். சுரைக்காய்ச் சாற்றைக் கைப்போடு குடித்து வாந்தி, வயிற்றுப்போக்கு, இரத்த வாந்தி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர்களும், இறந்தவர்களும் நம் நாட்டில் உண்டு. இதை ஆராய்ந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகக் குழுவின் அறிக்கை 2012இல் வெளியானது. கைப்பான சாற்றைக் குடிக்கவே கூடாது என்பது அதன் அறிவுரை. சுரைக்கும் வெள்ளரிக்கும் விஷம் ஒரே குடும்பத்தது. வெள்ளரியில் அளவு குறைவு, அவ்வளவுதான்.

வளர்க்கும் முறை

வெள்ளரிக்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டாம். வெயில் படுகிற ஒரு மூலை, ஒரு முழக் குழி, ஒரு பந்தல் இருந்தால் போதும். ஆடிப் பட்டமும் தைப் பட்டமும் ஏற்றவை. தையில் ஊன்றினால் கோடைக்குக் காய் கைக்கு வரும். கொட்டும் மழைக்காலம் மட்டும் ஆகாது.

குழி வெட்டுவது கணவன் வேலையாக இருக்கட்டும். ஒரு முழ நீளம், ஒரு முழ அகலம், ஒரு முழ ஆழம். மேல் மண்ணோடு இரண்டு கூடை மக்கிய தொழுவுரமும் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் கலந்து குழியை மூடுங்கள். எரு நன்றாக மக்கி, மண்வாசனை வர வேண்டும். பச்சைச் சாணம் வேரைச் சுட்டுவிடும். நாம் பச்சையாகத் தின்கிற காய்க்குப் பச்சைச் சாணமும் மனிதக் கழிவு கலந்த குப்பையும் போடவே கூடாது. அவற்றிலிருந்து கிருமியும் புழு முட்டையும் காயில் ஒட்டி வயிற்றுக்குப் போகும்.

ஜப்பானீஸ் லாங் கிரீன், ஸ்ட்ரெயிட் எயிட், பாயின்செட் ஆகிய ரகங்களைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சிபாரிசு செய்கிறது. (நம் நாட்டில் பிறந்த காய் உலகைச் சுற்றிவிட்டு வெள்ளைக்காரப் பெயரோடு திரும்பி வந்திருக்கிறது, பாருங்கள்.) பக்கத்து வீட்டு நாட்டு விதை கிடைத்தாலும் நல்லதே. ஒரு இரவு தண்ணீரில் ஊற வைத்து, குழிக்கு ஐந்து விதை, ஒரு விரற்கடை ஆழத்தில் ஊன்றுங்கள். வாரத்துக்குள் முளைத்துவிடும். நாலு இலை விட்டதும் வலுவான இரண்டு செடியை மட்டும் வைத்துக் கொண்டு மற்றதை நுனியோடு கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடிவிடும். இரண்டு குழி வெட்டினால் இடையே மூன்று முழம் விடுங்கள். குழிக்கு இடமில்லாதவர்கள் பழைய சாக்கிலோ, அடியில் ஓட்டை போட்ட பெயிண்ட் டப்பாவிலோ ஒரு செடி வைக்கலாம்.

கொடியைத் தரையில் ஓட விடுவதைவிடப் பந்தலில் ஏற்றுவது மேல். காய் மண்ணில் படாது, அழுகாது, நேராகவும் காய்க்கும். மூங்கில் இல்லாவிட்டால் வேலியும் கிழிந்த மீன் வலையும் போதும்.

தண்ணீர் விஷயத்தில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். மூன்று நாள் காய விட்டு நாலாம் நாள் குடம் குடமாகக் கொட்டினால் காய் கைக்கும். தினமோ ஒரு நாள் விட்டு ஒரு நாளோ அளவாக விடுங்கள். வேரைச் சுற்றி வைக்கோலோ சருகோ பரப்பினால் ஈரம் நிற்கும். அரிசி, காய்கறி கழுவிய தண்ணீரை ஊற்றலாம். குளியலறைத் தண்ணீரும் சாக்கடைத் தண்ணீரும் வேண்டாம். மாசமாக இருக்கிறவளைக் கிணற்றிலிருந்து குடம் தூக்க விடாதீர்கள். கணவனோ பெரிய பிள்ளைகளோ ஊற்றட்டும். கொல்லையில் வேலை செய்யும்போது எல்லோரும் செருப்புப் போடுங்கள். கொக்கிப்புழு வெறுங்கால் வழியாகத்தான் உடம்பில் ஏறுகிறது. ஏறிக் குடலில் உட்கார்ந்து இரத்தத்தை உறிஞ்சுகிறது. கர்ப்பிணிக்கு நான்காம் மாதத்துக்குப் பிறகு பூச்சி மாத்திரை கொடுப்பார்கள், செவிலியரைக் கேட்டு வாங்கிப் போட்டுக் கொள்ளுங்கள்.

ஐந்தாறு வாரத்தில் பூ வரும். முதலில் வருவதெல்லாம் ஆண் பூ, அது உதிர்ந்து போகும். "பூத்துப் பூத்துக் கொட்டுதே, கொடி மலடோ?" என்று வெட்டி எறிந்து விடாதீர்கள். ஒரு வாரம், பத்து நாள் பொறுத்தால் பெண் பூ வரும். பூவுக்கு அடியில் குட்டி வெள்ளரி போல ஒரு பிஞ்சு இருந்தால் அது பெண் பூ. தேனீ வந்து மகரந்தம் சேர்க்காவிட்டால் அந்தப் பிஞ்சு மஞ்சளாகிச் சுருங்கிவிடும். தேனீ நடமாட்டம் குறைந்த இடமானால், காலையில் ஒரு ஆண் பூவைப் பறித்து, இதழைக் கிள்ளிவிட்டு, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவிவிடுங்கள். பிள்ளைகளுக்கு இந்த வேலை பிடிக்கும்.

முளைத்த புதிதில் சிவப்பு வண்டு வந்து இலையைச் சல்லடையாக்கும். விடியற்காலையில் அது மந்தமாக இருக்கும்போது கையால் பொறுக்கி நசுக்குங்கள். இலை மேல் அடுப்புச் சாம்பல் தூவலாம். காயில் ஓட்டை போட்டுப் புழு வைப்பது பழ ஈ. அப்படிக் கெட்ட காயை அங்கேயே எறியாமல் ஒரு முழ ஆழத்தில் புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதே புழு ஈயாகித் திரும்ப வரும். லிட்டர் தண்ணீருக்கு 3 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்தால் பெரும்பாலான பூச்சிகள் அடங்கும். கந்தகத் தூள் போடாதீர்கள், வெள்ளரி இலை அதைத் தாங்காமல் கருகிவிடும். பருத்திக்கு வாங்கி மிச்சம் வைத்த பூச்சி மருந்தை எடுத்துக் கொண்டு வீட்டுக் கொடிக்குப் போக வேண்டவே வேண்டாம். நாளைக்கே பறித்துப் பச்சையாகத் தின்னப் போகிற காய் அது. அந்த டப்பாவைப் பிள்ளைகள் கைக்கும் பெரியவர்களின் கோபத்துக்கும் எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

ஊன்றிய ஐம்பதாம் நாள் சுமாருக்குக் காய் பறிக்கலாம். இரண்டு நாளைக்கு ஒரு முறை பறித்துக் கொண்டே இருங்கள். ஒரு காயை முற்ற விட்டால் கொடி "நம் வேலை முடிந்தது" என்று காய்ப்பைக் குறைத்துக் கொள்ளும். நல்ல கவனிப்பு இருந்தால் ஒரு கொடியில் பத்துக் காய் வரை எதிர்பார்க்கலாம். மூன்று மாதத்தில் கொடி ஓய்ந்துவிடும். அந்த இடத்திலேயே மறுபடி வெள்ளரி, பூசணி, பாகல் வைக்காமல் கீரையோ அவரையோ போடுங்கள். பந்தல் அவரைக்கு அப்படியே உதவும்.

பறித்த காயை ஓடுகிற நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். கையையும் கத்தியையும் பலகையையும் சேர்த்துக் கழுவுங்கள். மீன் நறுக்கிய அரிவாள்மணையில் அப்படியே வெள்ளரி நறுக்கக் கூடாது. நறுக்கியதை வெளியே வைத்து மாலைக்கு வேண்டாம், அப்போதே தின்றுவிடுங்கள்.

விதைக்கு, இடைக்காலத்தில் வந்த நல்ல வடிவான ஒரு காயைத் தொடாமல் கொடியிலேயே விடுங்கள். அது பருத்து மஞ்சளாகும். அதைப் பறித்துப் பத்து நாள் நிழலில் வைத்து, பிறகு இரண்டாக வெட்டிச் சோற்றோடு விதையைச் சட்டியில் வழித்துப் போடுங்கள். இரண்டு நாள் புளித்ததும் தண்ணீர் ஊற்றி அலசினால் பொக்கு விதை மிதக்கும், நல்ல விதை அடியில் தங்கும். அதை நிழலில் உலர்த்தி, சாம்பல் புரட்டி, ஈரமில்லாத சீசாவில் அடைத்து, மேலே வருஷத்தையும் மாதத்தையும் எழுதி வையுங்கள். கடையில் வாங்கிய வீரிய ஒட்டு ரகமானால் இப்படி எடுத்த விதை தாய்க்கொடி மாதிரி காய்க்காது, அதற்கு மட்டும் புது விதை வாங்க வேண்டும். நாட்டு விதையானால் மூன்று நான்கு வருஷம் கெடாமல் இருக்கும். ஒரு காயில் நூற்றுக்கு மேல் விதை தேறும், உங்களுக்குப் பத்து போதும். மீதியைத் தெருவில் மாசமாக இருக்கிற பெண்ணின் வீட்டுக்குக் கொண்டு போய்க் கொடுங்கள். கொடுக்கும்போது மாத்திரை போடுகிறாளா என்று அவளையும், குழி வெட்டியாயிற்றா என்று அவள் புருஷனையும் கேட்டுவிட்டு வாருங்கள்.